பனல் கதவும் 'கவலையீனமும்'

கடந்த வருசம் எங்கட நண்பன் ஒருவனுக்கு இடது கையில் இரண்டு விரல் நுனிகள் போயின. ஏ.எல். வரைக்கும் எங்களோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன். நாங்கள் கம்பஸுக்கு வந்தோம், அவன் ஒரு தளபாடப் பட்டறைக்குப் போனான். குசினி அலுமாரிக்குப் பனல் கதவு செய்துகொண்டிருந்தபோது ரவுட்டர் மேசையில் கை பட்டுவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனபோது பட்டறை முதலாளியும் வாசலில் நின்றார். பொல்லாத மனிதர் இல்லை; செலவு முழுவதையும் அவர்தான் பார்த்தார். எங்களைக் கண்டதும், "என்ன பிள்ளையள் செய்யிறது, எல்லாம் கவலையீனம்" என்றார். உள்ளே கட்டிலில் கிடந்தவனும் அதையேதான் சொன்னான். "என்ர கவலையீனம்தான் மச்சான்."

அந்தச் சொல் எங்களோடு வீட்டுக்கு வந்துவிட்டது. வரலாறு படிக்கிற ஆக்களுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. ஒரு விசயத்தை ஒரே சொல்லில் எல்லாரும் விளக்கி முடித்துவிட்டால், அந்தச் சொல் எதை மூடுகிறது என்று கிண்டிப் பார்ப்போம். அப்படிக் கிண்டியதுதான் இந்தக் கட்டுரை. ஒரு கதவின் வரலாறாகத் தொடங்கியது, போகப் போக விரல்களின் வரலாறாக மாறிவிட்டது.

கதவு ஏன் அப்படி இருக்கிறது?

பனல் கதவை எல்லாரும் கண்டிருப்போம். சுற்றிவர நாலு சட்டம். நடுவில் ஒரு பலகை. அந்தப் பலகையின் நடுப்பகுதி மேடாக இருக்கும். விளிம்புகள் நாலு பக்கமும் சாய்வாக இறங்கி, சட்டத்தின் உள்பக்கக் காடிக்குள் போய் ஒளிந்துகொள்ளும். அழகுக்குச் செய்தது என்றுதான் நாங்களும் நினைத்திருந்தோம். உண்மையில் அது மரத்தின் குணத்துக்குச் சொன்ன பதில்.

மரம் வெட்டிக் காய்ந்த பிறகும் அசைந்துகொண்டே இருக்கும். காற்றில் ஈரம் கூடினால் நாருக்குக் குறுக்காக விரியும், காய்ந்தால் சுருங்கும். நாரின் நீளப் போக்கில் அசைவு மிகமிகக் குறைவு. சோளகக் காற்றில் லேசாகத் திறந்த கதவு மாரி மழைக்கு இறுகி, தோளால் இடித்துத் திறக்கவேண்டி வருவது எங்கட வீடுகளில் தெரிந்த கதைதானே. அகலமான ஒரே பலகையில் கதவு செய்தால் அது வளையும், வெடிக்கும். அதனால் தச்சர்கள் ஒரு வழி கண்டார்கள். ஒடுக்கமான சட்டங்கள் கதவின் அளவைப் பிடித்து வைத்திருக்கும். நடுப்பலகை காடிக்குள் பசை இல்லாமல், கொஞ்சம் இடைவெளியோடு சும்மா நிற்கும். அது தன் பாட்டில் விரிந்து சுருங்கலாம், கதவு அசையாது. பலகை தடிப்பாகவும் இருக்கவேண்டும், ஒடுக்கமான காடிக்குள் போகவும் வேண்டும். அதற்காக விளிம்பை மட்டும் மெல்லிதாகச் சீவினார்கள். நடுவில் மிஞ்சியதுதான் அந்த மேடு.

இந்த அறிவு பழையது. றோமிலுள்ள சாந்தா சபீனா தேவாலயத்தின் சைப்பிரஸ் மரக் கதவு 5ஆம் நூற்றாண்டில் செய்யப்பட்டது. சட்டங்களுக்குள் செதுக்கிய பலகைகள் பொருத்திய கதவு அது. 28 பலகைகளில் 18 இன்றும் இருக்கின்றன. லண்டனில் இந்த வேலை பெரிய தொழில் வழக்காகவே மாறியது. துளையும் கழுந்தும் பசையும் வைத்துச் செய்யும் நுட்ப வேலை யாருக்குச் சொந்தம் என்று கட்டடத் தச்சர்களின் சங்கமும் பொருத்துத் தச்சர்களின் சங்கமும் சண்டைபிடித்து, 1632இல் நகரசபை தலையிட்டுப் பிரித்துக் கொடுக்கவேண்டி வந்தது.

எங்கட பக்கத்துக்கு வந்தால், மரத் தளபாடத்தின் வரலாறு எங்கட வாய்க்குள்ளேயே கிடக்கிறது. 'அலுமாரி' போர்த்துக்கேயச் சொல். 'மேசை'யும் 'ஜன்னல்'உம் அப்படித்தான். அலுமாரிக்குள் இழுக்கிற 'லாச்சி' ஒல்லாந்தரிடமிருந்து வந்தது. மேசனையும் தச்சனையும் நாங்கள் 'பாஸ்' என்று கூப்பிடுகிறோமே, அதுவும் ஒல்லாந்தச் சொல்தான், தலைமை வேலையாள் என்ற அர்த்தம். அவர்கள் 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்து 1795 வரைக்கும் இருந்தார்கள். ஓடாவிமார் அதற்கு முன்னரும் இங்கே இருந்தார்கள், முதிரையையும் பாலையையும் அறுத்தார்கள். ஆனால் அலுமாரி என்ற பொருளும் அதைச் சுற்றிய சொற்களும் கப்பலில்தான் வந்தன.

சீவுளியின் வாய்

இயந்திரத்துக்கு முன்னர் பனலின் சாய்வை எப்படி எடுத்தார்கள்? அதற்கென்றே தனிச் சீவுளி இருந்தது. அடிப்பக்கம் சாய்வாகவும், அலகு கொஞ்சம் சரிவாகவும் வைத்த மரச் சீவுளி. நாருக்குக் குறுக்காகச் சீவும்போது நார் கிழிந்துபோகாமல் இருக்கத்தான் அலகைச் சரிவாக வைத்தார்கள். பிரெஞ்சுத் தச்சரான அந்திரே ஜாக்கொப் ரூபோ 1769இலிருந்து வெளியிட்ட பெரிய தச்சு நூல் வரிசையில் இந்த வகை வேலைகளை எல்லாம் படத்தோடு விளக்கியிருக்கிறார்.

அமெரிக்காவில் இந்தச் சீவுளிகளைச் செய்தவர்களில் ஒருவரை நாங்கள் மறக்கக்கூடாது. சீசர் செலர். மசாச்சுசெற்ஸில் பிரான்சிஸ் நிக்கல்சன் என்ற சீவுளி செய்பவரிடம் அடிமையாக இருந்த கறுப்பினத்தவர். 1753இல் நிக்கல்சன் இறந்தபோது, அவருடைய மரண சாசனத்தின்படி செலருக்கு விடுதலையும் கொஞ்ச நிலமும் கருவிகளும் கிடைத்தன. அதற்குப் பிறகு தன் சொந்தப் பெயரை முத்திரையாகக் குத்தி, 1784இல் இறக்கும்வரை சீவுளி செய்தார். அவை இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அழகான கதவுகளின் வரலாற்றில் கைகள் எப்போதும் யாருடையவை என்ற கேள்வியும் இருக்கிறது.

எங்கட அயலில் ஒரு வயசான ஓடாவி ஐயா இருக்கிறார். அவரிடம் இதைப் போல ஒரு பழைய சீவுளி இருக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனோம். கையில் எடுத்துப் பார்த்தால் ஒரு விசயம் உடனே விளங்கும். இரண்டு கையும் மரக்கட்டைக்கு மேலே இருக்கின்றன. அலகு அடியில், ஒரு ஒடுக்கமான வாய்க்குள் இருந்து மயிரளவுதான் எட்டிப் பார்க்கிறது. அந்த வாய் சுருள் வெளியே போவதற்காக மட்டும் வைத்த இடைவெளி. விரல் உள்ளே போகாது. அலகை ஓட்டுவதும் உங்கள் தோள்தான். தோள் நின்றால் அலகும் நின்றுவிடும். "உளியாலயும் வாளாலயும் எத்தின தரம் வெட்டியிருக்கு, விரல் போனதில்லை" என்றார் ஐயா, காய்த்துப்போன கையை விரித்துக் காட்டி.

இந்த வாயை நினைவில் வைத்திருங்கோ. பிறகு திரும்பி வருவோம்.

பனொப்டிகனும் பம்பரமும்

கலைப்பீடத்தில் பூக்கோவைப் படித்தவர்களுக்குப் பனொப்டிகன் தெரிந்திருக்கும். ஜெரமி பெந்தம் திட்டமிட்ட, நடுவில் ஒரு கண் இருந்து எல்லாரையும் பார்க்கக்கூடிய சிறைச்சாலை. அந்தச் சிறைக்குள் கைதிகள் என்ன வேலை செய்வதாக இருந்தது என்று நாங்கள் ஒருநாளும் யோசித்ததில்லை. பதில், மரவேலை. ஜெரமியின் தம்பி சாமுவேல் பெந்தம் 1791இலும் 1793இலும் மரம் சீவுகிற, அறுக்கிற, விளிம்பெடுக்கிற இயந்திரங்களுக்குக் காப்புரிமை எடுத்தார். தொழில் தெரியாத கைதியையும் வைத்து ஓட்டக்கூடிய இயந்திரங்களாக அவை இருக்கவேண்டும் என்பது சகோதரர்களின் எண்ணம்.

இதில்தான் எங்கட கதை திரும்புகிறது. பனல் விளிம்பு எடுக்கிற அறிவு அதுவரை ஒரு மனிதனின் கைக்குள் இருந்தது. ஏழெட்டு வருசம் பழகித்தான் அது வரும். இயந்திரம் அந்த அறிவைத் தனக்குள் எடுத்துக்கொண்டது. மனிதனுக்கு மிஞ்சியது பலகையைத் தள்ளுகிற வேலை. தள்ளுவதற்குக் கை வெட்டுத் தலைக்குக் கிட்டப் போகவேண்டும்.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், மேசைக்கு நடுவால் செங்குத்தாக ஒரு தண்டு எழும்பி நிற்க, அதில் அலகுகளைப் பூட்டிச் சுழலவிடும் இயந்திரம் பரவியது. பிரெஞ்சுக்காரர் அதற்கு வைத்த பெயர் 'தூப்பி', அதாவது பம்பரம். இரண்டு வளையங்களுக்கு நடுவில் அலகுகளை நெரித்து இறுக்குவார்கள். இறுக்கம் போதாவிட்டால் அலகு கழன்று பட்டறைக்குள் பறக்கும். மரத்தில் முடிச்சு வந்தால் பலகை பின்னுக்கு உதைக்கும், பலகையைப் பிடித்திருந்த கை முன்னுக்குப் போகும்.

சீவும் இயந்திரத்தில் இதே கதை இன்னும் தெளிவாகத் தெரியும். ஆரம்பத்தில் அலகுகளைச் சதுரமான இரும்புக் கட்டையில் பூட்டினார்கள். சதுரம் சுழலும்போது மூலைக்கும் மேசை விளிம்புக்கும் நடுவில் ஒவ்வொரு சுற்றிலும் பெரிய பள்ளம் திறக்கும். விரல் வழுக்கினால் அந்தப் பள்ளத்துக்குள் விழும். தோல் சீவுவதோடு நிற்காமல் விரலே போகும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜேர்மனியில் உருண்டையான வெட்டுத் தலை வந்தது. அலகு உருளைக்கு வெளியே கொஞ்சமாகத்தான் நீட்டிக்கொண்டிருக்கும், பள்ளம் இல்லை. கை வழுக்கினாலும் காயம் ஆழமாகப் போகாது. பிரித்தானியாவில் 1922இல் வந்த மரவேலை இயந்திர ஒழுங்குவிதிகள், கையால் தள்ளும் சீவு இயந்திரங்களில் உருண்டைத் தலைதான் இருக்கவேண்டும் என்று கட்டாயப்படுத்தின.

இதைக் கவனியுங்கோ. சதுரத் தலைக் காலத்துத் தொழிலாளியும் உருண்டைத் தலைக் காலத்துத் தொழிலாளியும் ஒரே மாதிரி மனிதர்கள்தான். இரண்டு பேருக்கும் களைப்பு வரும், நித்திரை தூங்கும், வீட்டு யோசனை வரும். மாறியது இரும்பின் வடிவம்.

பிற்காலத்தில் ஐரோப்பியத் தரநிலை இன்னும் ஒரு படி போனது. கையால் தள்ளும் வேலைக்கான வெட்டுத் தலைகளில், அலகு அதைச் சுற்றியுள்ள உடம்பைவிட 1.1 மில்லிமீற்றருக்கு மேல் நீட்டக்கூடாது என்றது. அலகு ஒரு கடியில் எவ்வளவு எடுக்கலாம் என்பதற்கு எல்லை. ஓடாவி ஐயாவின் சீவுளி வாய் செய்ததும் அதுதானே! இயந்திரம் கழற்றி எறிந்த வாயைத் திரும்ப அதற்குப் பூட்ட ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் போயிருக்கிறது.

மேசைக்குக் கீழே போன ரவுட்டர்

கையில் பிடித்து ஓட்டும் மின் ரவுட்டர் முதலாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்காவில் பரவத் தொடங்கியது. அதைப் பிரபலமாக்கிய கார்ட்டர் கம்பனியின் ரவுட்டர் தொழிலை 1929இல் ஸ்ரான்லி வாங்கியது. இந்த ரவுட்டரைத் தலைகீழாக ஒரு மேசைக்கு அடியில் பூட்டி, பிட் மேலே எட்டிப் பார்க்கவிட்டால் அதுதான் ரவுட்டர் மேசை. பெரிய பட்டறையின் 'பம்பரம்' சின்ன ஆளின் கொட்டிலுக்குள் வந்த கதை. விலை குறைந்தது, இடம் குறைந்தது. ஆனால் பெரிய இயந்திரத்தோடு வந்த மறைப்புகளும் விதிகளும் எல்லா மேசைக்கும் கூட வரவில்லை. ஒரு பிளைவூட் துண்டில் ஓட்டை போட்டாலே மேசை தயார்.

பனல் விளிம்பெடுக்கும் பெரிய பிட் கிட்டத்தட்ட மூன்றரை அங்குல விட்டம். அதை வைத்து ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். சாதாரண ரவுட்டர் ஒன்று நிமிடத்துக்கு 22,000 சுற்று ஓடும். அந்த வேகத்தில் இந்தப் பிட்டின் விளிம்பு செக்கனுக்கு 100 மீற்றருக்கு மேல் போகிறது. மணிக்கு 360 கிலோமீற்றரைத் தாண்டுகிறது. இவ்வளவு பெரிய பிட்டை 10,000 முதல் 12,000 சுற்றுக்குள்தான் ஓட்டவேண்டும் என்பது பொது விதி. 10,000 என்றால் விளிம்பு வேகம் மணிக்கு 170 கிலோமீற்றர் அளவுக்கு இறங்கும். ஆகவே வேகம் குறைக்கும் குமிழ் உள்ள, இரண்டு மூன்று குதிரைவலு ரவுட்டரும், அரை அங்குலத் தண்டுள்ள பிட்டும் தேவை. கையில் பிடித்து இந்தப் பிட்டை ஒருபோதும் ஓட்டக்கூடாது.

மிச்ச விதிகளையும் காரணத்தோடு சொல்கிறோம். காரணம் தெரியாத விதியை அவசரத்தில் முதலில் கைவிடுவோம்.

மேலேயிருந்து பார்த்தால் மேசையில் பிட் இடஞ்சுழியாகச் சுழலும். அணைப்பலகையோடு சேர்த்து, பலகையை வலமிருந்து இடமாகத் தள்ளவேண்டும். அப்போது பிட் பலகையை எதிர்த்துத் தள்ளும், நீங்கள் அதை மேவித் தள்ளுவீர்கள். திசை மாறினால் பிட் பலகையைப் பறித்து இழுக்கும், கையும் பின்னால் போகும். பலகை எப்போதும் பிட்டுக்கு முன்னால், உங்கள் பக்கம்தான் இருக்கவேண்டும். அணைப்பலகைக்கும் பிட்டுக்கும் நடுவில் அகப்பட்டால் அது தோட்டா மாதிரிப் பறக்கும்.

முழு ஆழத்தையும் ஒரே தரத்தில் எடுக்கக்கூடாது. மூன்று நாலு தரமாக, கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கவேண்டும். நார் குறுக்கே வெட்டுப்படும் முனைப் பக்கங்களை முதலில் செய்துவிட்டு, நீளப் பக்கங்களைக் கடைசியில் செய்யவேண்டும். முனைப் பக்கம் முடியும் மூலையில் நார் கொஞ்சம் பிய்ந்துபோகும். பிறகு நீளப் பக்கத்தை எடுக்கும்போது அந்தப் பிய்ந்த இடம் தானாகப் போய்விடும். சின்னப் பனலைத் தனியாகத் தள்ளாமல், பெரிய பலகையின் விளிம்பில் வேலையை எடுத்துவிட்டுப் பிறகு அறுக்கலாம். சீப்புப் போலப் பல் வெட்டிய பலகையைப் பூட்டினால் அது பனலை அமத்திப் பிடிக்கும், பின்னுக்கு உதைக்கவும் விடாது. கைக்குப் பதிலாகத் தள்ளுகட்டை. பிட்டுக்கு மேலே மறைப்பு. பிட் மாற்றும்போது சுவிச்சை நிறுத்தினால் போதாது, பிளக்கைக் கழற்றவேண்டும். விட்டம் குறைந்த, பனலைச் செங்குத்தாக நிறுத்தி ஓட்டும் பிட்டும் இருக்கிறது. உயரமான அணைப்பலகையோடு நேர் விளிம்புக் கதவுகளுக்கு அது நல்ல மாற்று. வளைவான தலைப்புள்ள கதவுக்கு அது சரிவராது.

அந்த ஒரு செக்கனுக்கு முன்னர்

இதையெல்லாம் வாசித்துவிட்டு நண்பனிடம் போனோம். அன்றைக்கு நடந்ததைப் படிப்படியாகச் சொல்லச் சொன்னோம். கவலையீனம் என்ற சொல்லைப் பாவிக்காமல் சொல்லவேண்டும் என்று ஒரு நிபந்தனையும் போட்டோம்.

ஓடர் பிந்திவிட்டது. அதனால் ஒரே தரத்தில் முழு ஆழம். ஃபிரிட்ஜுக்கு மேலே வரும் சின்னக் கதவு, ஆறங்குலப் பனல். ரவுட்டரில் வேகம் குறைக்கும் குமிழே இல்லை. மேசையில் மறைப்பு எப்போதுமே இருந்ததில்லை. தள்ளுகட்டை என்ற ஒன்றை அவன் கண்டதே இல்லை. நீளப் பக்கங்களை முதலில் எடுத்துவிட்டான், அவனுக்குப் பழக்கியவர் அப்படித்தான் செய்வார். கடைசியாக எடுத்த முனைப் பக்கத்தில் மூலை பிய்ந்தது. மரம் வீணாகப் போனால் பேச்சு விழும். பிய்ந்த இடத்தைத் துப்புரவாக்கப் பலகையை இடமிருந்து வலமாக ஒரு இழுவை இழுத்தான். அவ்வளவுதான்.

கணக்குப் பார்த்தால் இந்த வரிசையில் அவனுடைய பங்கு கடைசி ஒரு செக்கன். மற்ற எல்லாம் அவன் அந்த மேசைக்கு வருவதற்கு முன்னரே தீர்மானிக்கப்பட்டவை. எங்கட நாட்டில் வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934இல் வந்தது. எந்த விரல் போனால் உழைக்கும் சக்தியில் எத்தனை வீதம் போனது என்று கணக்கிடும் அட்டவணையே அதில் இருக்கிறது. இயந்திரத்தின் ஆபத்தான பகுதிகளுக்குப் பாதுகாப்பான மறைப்பு வேண்டும் என்று சொல்லும் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தின் ஆண்டு 1942. ஆக, சட்டத்தின் மொழியில் மறைப்பு இல்லாதது முதலாளியின் பொறுப்பு. பட்டறையின் மொழியில்தான் அது தொழிலாளியின் கவலையீனம்.

முதலாளியை வில்லனாக்குவது எங்கட நோக்கமில்லை. அவருடைய பெருவிரலிலும் ஒரு பழைய தழும்பு இருக்கிறது. அவர் இந்தத் தொழிலை இன்னொரு பட்டறையில், மறைப்பில்லாத இன்னொரு மேசையில் பழகியவர். கதவின் வடிவம் அவருக்குக் கைமாறி வந்தது. அந்த வடிவத்தைச் செய்யப்போய் விரல் இழந்தவர்கள் கற்றுக்கொடுத்த பாடம் வந்து சேரவில்லை. இப்போது நிறையப் பேர் எம்டிஎஃப் பலகையில் பனல் கதவு கேட்கிறார்கள். எம்டிஎஃப் மரம்போல விரிந்து சுருங்காது. அந்த மேட்டுக்குத் தேவையே இல்லை, வெறும் கோலம். தேவையில்லாத ஒரு கோலத்துக்காக இன்னும் ஒருவனின் விரல் போனால் அதை என்னவென்று சொல்வது?

போன மாதம் அவன் திரும்ப வேலைக்குப் போயிருக்கிறான். போவதற்கு முன்னர் அவனை ஓடாவி ஐயாவிடம் கூட்டிக்கொண்டு போனோம். சீவுளியைக் கவிழ்த்து, மிஞ்சிய விரலை அந்த வாயில் வைத்துப் பார்த்தான். "இதுக்குள்ள போகாது என்ன?" என்றான். "அதுக்குத்தானேடா தம்பி அப்பிடி வச்சது" என்றார் ஐயா. அடுத்த கிழமை அவனும் முதலாளியும் சேர்ந்து தெளிவான பிளாஸ்ரிக் தகட்டில் ஒரு மறைப்பும், இரண்டு தள்ளுகட்டையும் செய்தார்கள். வேகம் குறைக்கும் ரவுட்டருக்கு இன்னும் காசு சேரவில்லை. அதுவரைக்கும் பெரிய பிட்டைப் பூட்டமாட்டோம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

உங்கட அண்ணனோ மச்சானோ சிநேகிதனோ ஒரு பட்டறையில் நின்றால், அடுத்த முறை போகும்போது மூன்று விசயம் கேளுங்கோ. பிட்டுக்கு மேலே மறைப்பு இருக்கிறதா? வேகம் குறைக்கலாமா? தள்ளுகட்டை எங்கே? இல்லை என்ற பதில் வந்தால், அதை மாற்றுவதற்கு அது நல்ல நேரம். விரல் போன பிறகு கிடைப்பது அந்த ஒரு சொல் மட்டும்தான்.